கரிசல் காட்டு முயலும் நமது சாகுபடி முறையும்

சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் கரிசல் புஞ்சை வைத்திருக்கும் அங்கத்தினர்கள் கூடிப் பேசும் இடங்களில், முயல் முன்போல் கண்ணில் படுவதில்லை என்ற பேச்சு அடிக்கடி எழுகின்றது. காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வேட்டைக்காரர்கள் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள் என்பார் ஒருவர். பட்டாசு ஆலைகளின் வெடியோசைக்கு அஞ்சி மலைப்பக்கம் ஓடிவிட்டன என்பார் மற்றொருவர். தெருநாய் பெருகியதே காரணம் என்பார் வேறொருவர். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கும் இயல்பு முயலைப் பற்றிய பேச்சிலும் நம்மை விடவில்லை!

இவற்றுள் சிற்சில உண்மையும் உண்டு. ஆயினும், ஐரோப்பிய நாடுகளில் இதே கேள்வி எழுந்து நெடுங்காலம் ஆராயப்பட்டபோது கிடைத்த முதன்மையான விடை வேட்டையும் அன்று, ஓசையும் அன்று. பயிர் செய்யும் முறையில் ஏற்பட்ட மாறுதலே என்பதாகும். அவ்விடை நமது கரிசலுக்கு எவ்வளவு பொருந்தும், எவ்வளவு பொருந்தாது என்பதை இங்கே ஆராய்வோம். இதில் எங்களுக்கு என்ன என்று நெசவாள அங்கத்தினர்கள் கேட்கலாம். பருத்தியின் வழியாக அவர்களுக்கும் பங்கு உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் முயல் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். வீடுகளில் வளர்க்கும் முயலும் காட்டு முயலும் ஓர் இனம் அல்ல. வளர்ப்பு முயலின் மூதாதை ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்வது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படுவனவும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. அதன் குட்டி மயிரில்லாமலும் கண் திறவாமலும் வளைக்குள் பிறக்கும். நமது காட்டு முயலோ வளை தோண்டுவதில்லை. பிடரியிலே கரும்பட்டை உடைய இம்முயல், புல்லடியிலோ பயிரடியிலோ தன் உடம்பு கொள்ளும் அளவுக்கு ஒரு சிறு குழிவு செய்து, பகல் முழுவதும் அதில் ஒடுங்கிக் கிடக்கும். அந்திக்குப் பின்னரே மேயப் புறப்படும். இதன் குட்டிகள் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. ஈற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை இருக்கும். ஆகவே வளர்ப்பு முயலைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டால் காட்டு முயல் பெருகும் என்று எண்ணுவது வீண்.

இவ்வகை முயல்களில் தாய் தன் குட்டிகளோடு தங்கியிருப்பதில்லை. இருள் சூழும் வேளையில் வந்து சிறிது நேரம் பால் கொடுத்துவிட்டு அகன்றுவிடும். நாளுக்குப் பெரும்பாலும் ஒரே முறைதான். அவ்வொரு முறைப் பாலில் குட்டி ஒரு நாள் முழுவதும் தாக்குப்பிடிக்க வேண்டியிருப்பதால், அப்பால் பசும்பாலைக் காட்டிலும் பன்மடங்கு கொழுப்பு உடையதாக அமைந்துள்ளது. எஞ்சிய நேரமெல்லாம் குட்டி அசையாமல் கிடக்க வேண்டும். அசையாமையே அதற்குள்ள காப்பு. நரியையும் கழுகையும் ஏமாற்ற இக்காப்பு போதும். சுழல் கலப்பையும் அறுவடை இயந்திரமும் அசையும் பொருளைத் தேடிப் பிடிப்பன அல்லவே. அவை நிலம் முழுவதையும் ஒரே சீராகக் கடந்து செல்வன. அவற்றின் முன்னே அசையாமல் கிடப்பதுதான் குட்டிக்கு யமனாகிறது.

இவ்விரு செய்திகளையும் மனத்திற்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். ஒன்று, முயலுக்கு வீடு கிடையாது. நிலத்தின் மேலுள்ள செடியே அதற்கு வீடு. மற்றொன்று, பால் கொடுக்கும் தாய்க்குச் சத்து மிகுந்த இளம் புல்லும் பலவகைப் பூண்டுகளும் ஆண்டின் எல்லாப் பருவத்திலும் அருகிலேயே கிடைத்தாக வேண்டும்.

ஐரோப்பாவின் பழுப்பு முயல் நமது முயலுக்கு நெருங்கிய உறவு. 1960-க்குப் பின் பிரிட்டன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் அது வேகமாகக் குறைந்தது. 12 ஐரோப்பிய நாடுகளில் வெளிவந்த ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த மதிப்பீடு ஒன்று 2005-இல் வெளியாயிற்று. விவசாயம் தீவிரமாக்கப்பட்டதே குறைவுக்கு அடிப்படையான காரணம் என்பது அதன் முடிவு. பெரிய இயந்திரங்கள் திரும்ப இடம் வேண்டும் என்று சிறு வயல்களின் வேலிகளை அகற்றி ஒன்றாக்கினார்கள். கோதுமை, மேய்ச்சற்புல், தரிசு, கிழங்கு என்று பக்கத்துப் பக்கத்தில் இருந்த நிலங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிராயின. கோதுமை இளம்பயிராக இருக்கும் வரை முயலுக்கு விருந்து. முற்றி உயர்ந்த பிறகு தின்ன முடியாது. முன்பெல்லாம் அவ்வேளையில் அடுத்த வயலுக்குப் போய்விடும். அடுத்த வயலும் அதே கோதுமை ஆனபோது, கண்ணெதிரே பசுமை நிறைந்திருந்தும் அதற்குப் பஞ்சமே உண்டாயிற்று. களைக்கொல்லி மருந்து இடைப் பூண்டுகளை அழித்தது. புல் அறுக்கும் இயந்திரம் குட்டிகளை அழித்தது.

இதற்கு மாறான அனுபவமும் அங்கேயே கிடைத்தது. தானிய உற்பத்தி அளவு மீறிப் போனதால், ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் 1988-இல் தரிசு விடும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தன. 1992-இல் அது பெரிய பண்ணைகளுக்கு ஏறக்குறையக் கட்டாயமாக்கப்பட்டது. முயலுக்காகச் செய்த ஏற்பாடு அன்று அது. விலை விழாமல் இருக்கச் செய்தது. ஆயினும் பயிருக்கு இடையிடையே கிடந்த தரிசுகள் முயலுக்கும் பறவைகளுக்கும் புகலிடமாயின. 2008-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரிலுள்ள லாடிங்டன் என்னும் பண்ணையில் 1992 முதல் வயலோரங்களைப் பலவகையாக அமைத்து, நரி முதலிய பகைகளையும் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள், முயல் பெருகிற்று. பின்னர்ப் பகைகளைக் கட்டுப்படுத்துவதை நிறுத்தியபோது மீண்டும் குறைந்தது. இதனால் நாம் அறிவது, புகலிடம் மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மை அன்று என்பதே. தெருநாயைக் குற்றம் சொல்லும் அங்கத்தினருக்கு இது ஓர் ஆதரவு.

இனி நமது நிலத்துக்கு வருவோம். தீவிர விவசாயம் என்றவுடன் வாய்க்காலும் வரிசை வரிசையான பம்புசெட்டும் நினைவுக்கு வரும். கரிசல் அத்தகையது அன்று. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, அம்மழை மண்ணில் விட்டுச்சென்ற ஈரத்தைக் கொண்டே தை, மாசி வரை பயிர் காக்கும் நிலம் இது. இங்கே தீவிரம் வேறு வேடத்தில் வந்தது.

பழைய கரிசல் சாகுபடியை நினைத்துப் பாருங்கள். புரட்டாசியில் புழுதி விதைப்பு. ஒரே புஞ்சையில் கம்பு ஒரு பக்கம், சோளம் ஒரு பக்கம், பருத்திக்கு ஊடே உளுந்தும் பாசியும், ஓரத்தில் ஆமணக்கு, தாழ்ந்த இடத்தில் குதிரைவாலி, பின்மழையை நம்பிக் கொத்தமல்லி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தில் முற்றும். மார்கழியில் பயறு எடுத்த இடம் வெறுமையாகும்போது பருத்தி பசுமையாக நிற்கும். தையில் கம்பு அறுத்த தட்டைக்கு அடியிலே புல் தளிர்க்கும். பருத்தி எடுப்போ பங்குனி, சித்திரை வரை நீளும். களையெடுப்பைக் கையாலும் களைக்கொத்தாலும் செய்தபோது, வரப்போரத்துப் பூண்டு தப்பிவிடும். மாட்டுக்குப் புல் வேண்டும் என்று வேண்டுமென்றே விட்டுவைப்பதும் உண்டு. முயலுக்கு மறைவும் மேய்ச்சலும் பத்தடிக்குள் கிடைத்தன. இதை யாரும் முயலுக்காகச் செய்யவில்லை. மழை பொய்த்தால் ஒன்றாவது கைகொடுக்கும் என்ற குடியானவனின் முன்னெச்சரிக்கையே இப்பலபயிர் முறை.

இன்று இவ்வட்டாரத்துப் பல ஊர்களில் மக்காச்சோளம் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. கோழித்தீவனத் தொழில் அதற்கு நிலையான சந்தையைக் கொடுத்தது. விதைப்பு ஏறத்தாழ ஒரே வாரம். அறுவடையும் ஒரே காலம். விதைத்த சில நாட்களுக்குள் அட்ரசின் தெளித்துவிட்டால் களை முளைப்பதில்லை. பயிர் ஆளுயரம் வளர்ந்தபின் நிலத்தடி வெறும் மண்ணாகக் கிடக்கின்றது. முயல் மறைந்துகொள்ளலாம், ஆனால் மேய ஒன்றும் இராது. மாசியில் இயந்திரம் வந்து போனால் மறைவும் இல்லை. அடுத்த ஐப்பசி வரை வெடித்த கரிசல்தான். அதைவிட, அறுவடை முடிந்த தட்டையைக் கொளுத்தினாலோ சுழல் கலப்பை கொண்டு அடித்துவிட்டாலோ கதை அன்றே முடிந்தது.

குடியானவர் ஏன் இப்படி மாறினார்கள் என்று கேட்டால், பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடுவது அநீதி. இங்கேதான் பட்டாசுத் தொழில் வருகிறது. வெடியோசையாக அன்று, கூலியாக. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலிலிருந்து, பட்டாசும் அச்சுத் தொழிலும் கிளைத்து வளர்ந்தன. மழை பொய்க்கும் பூமியில் அவை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. ஆனால் காலையில் ஊருக்குள் வரும் ஆலை வண்டியில் ஏறிச் செல்வோர் பெரும்பாலும் முன்பு களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் வந்த பெண்களே. நிழலில் அமர்ந்து செய்யும் வேலைக்கு ஆண்டின் பெரும்பகுதி கூலி கிடைக்கும்போது, வெயிலில் சில வாரக் களையெடுப்புக்கு யார் வருவார்கள்? ஆள் கிடைக்காத குடியானவன் களைக்கொல்லியை வாங்கினான். பல தடவை எடுக்க வேண்டிய பருத்தியை விட்டு ஒரே நாளில் இயந்திரம் அறுக்கும் மக்காச்சோளத்துக்குப் போனான். ஆலைக் கூலியும் களைக்கொல்லிப் புட்டியும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். முயல் அக்கணக்கின் நடுவே அகப்பட்டுக்கொண்டது.

ஆலை வளாகங்களில் கொட்டகைக்கும் கொட்டகைக்கும் இடையே வெற்று நிலம் நிறைய உண்டே, அங்கே முயல் வாழக்கூடாதா என்று கேட்பார் உளர். தீ பிடிக்காதிருக்க அவ்விடத்துக் காய்ந்த புல்லை அகற்றிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். உயிர்ச்சேதத்தைத் தடுக்கும் அவ்விதியில் எவரும் தளர்ச்சி காட்டக் கூடாது. அங்கே முயலுக்கு இடம் தேடுவது முறையன்று.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நமது மாவட்டத்தில் பயிரிடாமல் கிடக்கும் தரிசு கொஞ்சமன்று. ஐரோப்பாவில் தரிசு முயலைக் காத்தது என்றால், இங்கே ஏன் காக்கவில்லை? விடை சீமைக்கருவேல மரத்தில் இருக்கிறது. ஐரோப்பியத் தரிசு பயிருக்கு இடையிடையே கிடந்த புல்நிலம். நமது தரிசோ சில ஆண்டு விட்டால் முட்புதராய் அடைத்துக்கொள்கிறது. அதன் அடியில் முயல் படுக்கலாம்; ஆனால் நிழலும் உதிர்ந்த இலையும் புல்லை வளரவொட்டாமல் செய்கின்றன. ஒரு பக்கம் மேய்ச்சல் இல்லாத மறைவு, மறுபக்கம் சிலகாலமே நிற்கும் ஒரே பயிர். இரண்டுக்கும் நடுவே இருந்த கலப்புப் புஞ்சைதான் மறைந்தது. தமிழக அரசு 2022-இல் அயல்தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறது. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கும் அங்கத்தினர்கள், எடுத்த இடத்தை வெறுமையாக விடாமல் கொழுக்கட்டைப்புல் விதைத்துவிட்டால் மாட்டுக்கும் தீனி, முயலுக்கும் தீனி.

முயல் நமக்குச் செய்யும் சேதத்தை மறைத்துப் பேசுவது நியாயமன்று. நிலக்கடலையின் இளம்பயிரையும் பயறுகளின் துளிரையும் அது கடித்துத்தான் தின்னும். ஆயினும் மறைவைவிட்டு வெகுதூரம் வர அஞ்சும் பிராணியாதலால், அதன் சேதம் பெரும்பாலும் ஓர வரிசைகளோடு நின்றுவிடுகிறது; போதிய உயரத்துக்கு வலை கட்டினால் உள்ளே வருவதைத் தடுக்கலாம். புஞ்சையையே உழுதுபோடும் காட்டுப்பன்றியோடும் கூட்டமாய் இறங்கும் மயிலோடும் இதனை ஒப்பிடவே முடியாது. அவ்விரண்டும் பெருகும்போது முயல் மட்டும் குறைகின்றதே என்று வியப்போர் உண்டு. பன்றி எதையும் தின்னும். முட்புதரே அதற்குக் கோட்டை. மயில் பறந்து மரத்தில் அடையும். நிலத்தில் படுத்து, நிலத்தில் ஈன்று, நிலத்துப் புல்லையே நம்பும் முயலுக்கு அவ்வசதிகள் இல்லை.

வேட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்பகுதியில் முயல் வேட்டை பழைய வழக்கம். இம்மாவட்டத்துச் சிப்பிப்பாறை ஊரின் பெயர் தாங்கிய நாயினம் முயலைத் துரத்திப் பிடிக்கவே பேணி வளர்க்கப்பட்டது. மறைவு நிறைந்த கலப்புப் புஞ்சையில் நாய்க்குத் தப்பும் முயல் பல. அறுத்துவிட்ட வெட்டவெளியில் தப்புவது அரிது. ஆகவே வேட்டையின் அளவு கூடாவிட்டாலும் அதன் கொடுமை கூடிவிடுகிறது. இப்போது சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு முயலைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். அது நமது சொந்தப் புஞ்சையில் நின்றாலும் குற்றமே. 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் அபராதத்தின் உச்ச அளவு ஒரு லட்சம் ரூபாயாக உயர்ந்தது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. பாரி வேட்டைக்கும் பொங்கல் வேட்டைக்கும் புறப்படும் இளைஞர்களின் தந்தைமார்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஓர் இரவுக் கறிக்கு ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் போய்விடக்கூடும்.

காட்டு முயல் இந்தியாவில் பூண்டோடு அழியும் நிலையில் இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதனை அழிவு அச்சம் குறைந்த இனங்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. நாட்டில் எங்கோ இருப்பதும் நமது புஞ்சையில் இருப்பதும் ஒன்றல்ல. 2021-இல் அமைந்த திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தில் புலிக்கு இடம் இருக்கிறது; சமவெளிப் புஞ்சை முயலுக்கு அது உதவாது. புஞ்சை முயலின் காப்பகம் நமது பட்டா நிலம்தான்.

என்ன செய்யக்கூடும் என்பதைச் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். சதுரமான ஓர் ஏக்கரைச் சுற்றிலும் மூன்றடி அகலத்துக்கு மருந்து தெளிக்காமல் புல்லும் பூண்டும் வளரவிட்டால், ஏறத்தாழ ஐந்தே முக்கால் சென்ட் போய்விடும். சிறு குடியானவனுக்கு அது கசக்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் உள்ள பத்துப் பேர், தங்கள் பத்து ஏக்கரையும் ஒரே சதுரமாக எண்ணி, அதன் வெளிச்சுற்றில் மட்டும் அதே மூன்றடியை விட்டால், மொத்தம் போவது சுமார் 18 சென்ட். தலைக்கு இரண்டு சென்டுக்கும் குறைவு. தனியாகச் செய்தால் நஷ்டமாகவும் சேர்ந்து செய்தால் பொறுக்கக்கூடியதாகவும் இருக்கும் காரியம் இது. ஓரத்தில் நிலம் உள்ளவர் இழப்பதை மற்றவர் ஈடுசெய்யும் ஏற்பாடு மட்டும் வேண்டும். கூட்டுறவுச் சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு எது?

அவ்வோரத்தைச் சும்மா விடவும் வேண்டியதில்லை. 2018-இல் நம் நாட்டுக்குள் நுழைந்த படைப்புழு அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைப் பாழாக்கியதை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறிய யோசனைகளுள், மக்காச்சோளத்துக்கு ஊடே உளுந்து, பாசியும் வரப்போரத்தில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தியும் விதைப்பது ஒன்று. புழுவைத் தின்னும் நன்மைப் பூச்சிகளுக்கு அவை இடம் தரும். அதே ஓரம் முயலுக்கும் மறைவு. புழுவுக்காக விதைத்தாலும் போதும். முயலுக்கும் பயன் கிட்டும்.

இனி நெசவாளர் பங்கு. கரிசலின் தாய்ப் பருத்தி கருங்கண்ணி. மானாவாரியில் வறட்சி தாங்குவது. பயறுகளோடு கலந்து விளைவது. 1901-இல் கோவில்பட்டியில் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையம் கரிசல் பயிர்களுக்காகவே நெடுங்காலம் உழைத்திருக்கிறது. ஆனால் ஆலைகள் நீண்ட இழையை நாடியதாலும், 2002 முதல் பி.டி. பருத்தி பரவியதாலும் கருங்கண்ணி ஒதுக்கப்பட்டது. குட்டையான அதன் இழை ஆலைக்கு ஆகாவிட்டாலும் கைநூற்புக்கும் கைத்தறிக்கும் ஆகும். கலப்புப் புஞ்சையில் விளைந்த கருங்கண்ணியை இன்ன விலைக்கு இவ்வளவு எடுத்துக்கொள்வோம் என்று நெசவாளர் சங்கங்கள் விதைப்புக்கு முன்பே, ஆவணியிலேயே உறுதி கூறினால், மக்காச்சோளத்தை விட்டுத் திரும்பத் தயங்கும் குடியானவனுக்குத் துணிவு பிறக்கும். சந்தை உறுதி இல்லாமல், பழைய பயிருக்குத் திரும்பு என்று அவனுக்கு உபதேசம் செய்வது பயனற்றது என்பதே நமது கருத்து.

பணச்செலவே இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். அறுவடை இயந்திரம் வழக்கமாக வயலின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வரும். உள்ளே கிடக்கும் பிராணிகளெல்லாம் நடுவிலே ஒதுங்கி, கடைசிச் சுற்றில் அகப்பட்டுக்கொள்ளும். அதற்கு மாறாக நடுவில் தொடங்கி வெளிப்புறமாக அறுத்தாலும், அல்லது ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் நோக்கி அறுத்துச் சென்றாலும், வளர்ந்த முயல் வரப்போரப் புல்லுக்குத் தப்பி ஓட வழி கிடைக்கும். வாடகை இயந்திரத்தின் ஓட்டுநரிடம் வேலை தொடங்குமுன் சொன்னால் போதும். சற்று வளர்ந்த குட்டிகளும் இதில் பிழைக்கலாம்; பிறந்து ஓரிரு நாளேயான குட்டி பிழைக்காது. அதனால் இயந்திரம் இறங்கும் முன் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுவது நல்லது. குட்டி தென்பட்டால் வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். தாய் விட்டுவிட்டுப் போனது என்று நினைத்து எடுத்துவந்து பசும்பால் புகட்டிக் கொன்றுவிடுவது வழக்கமாக நடக்கிறது. கையில் புல்லைப் பற்றிக்கொண்டு, அப்புல்லோடு தூக்கி அருகிலுள்ள அறுக்காத ஓரத்தில் வைத்துவிட வேண்டும். இருட்டியதும் தாய் தேடி வரும்.

தம் நிலத்தில் முயல் இருக்கிறதா என்று அறிய விரும்புவோர் இரவில் விளக்கோடு அலைய வேண்டியதில்லை. காலையில் வரப்பிலும், புல் குட்டையாக உள்ள இடங்களிலும் பார்த்தால், சிறு உருண்டைகளாக, சற்றே தட்டையாக, உடைத்தால் நார் நாராக உதிரும் புழுக்கை கிடக்கும். ஆட்டுப் புழுக்கை நீண்டு கறுத்து வழவழப்பாக இருக்கும். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிறகு தவறாது. தை அறுவடைக்கு முன் ஒரு முறையும் பங்குனியில் ஒரு முறையும் அதே வரப்பில் எண்ணிக் குறித்து வைத்தால், ஓரம் விட்ட புஞ்சைக்கும் விடாத புஞ்சைக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு மூன்று ஆண்டுகளில் அங்கத்தினர்களே கண்டுகொள்ளலாம்.